நுரையைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்

சோப்புத் தண்ணீரால் தரையைத் துடைத்துவிட்டு, அதே வாளியில் பென்சல்கோனியம் குளோரைடு உள்ள கிருமிநாசினியை ஒருமுறை ஊற்றினேன். தெளிவாக இருந்த தண்ணீர் பால்போலக் கலங்கியது. ‘கடுமையாக வேலை செய்கிறது’ என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டுமே வீணாகிக்கொண்டிருந்தன.

சோப்பும் அந்தக் கிருமிநாசினியும் சர்ஃபாக்டன்ட் என்ற வகையைச் சேர்ந்தவை. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்குத் தண்ணீரோடு சேரும் தலை ஒன்று, எண்ணெயோடு சேரும் கார்பன் வால் ஒன்று. சோப்பின் தலை எதிர்மின்சுமை கொண்டது. அந்தக் கிருமிநாசினியின் தலை நேர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதால், அழுக்கையும் கிருமியையும் கவனிக்க ஆள் குறைந்துபோனது. நடுவில் நன்றாக அலசியிருந்தால் போதும். ஷாம்புவையும் தலைமுடி கண்டிஷனரையும் கையில் ஒன்றாகக் குழைப்பதும் பெரும்பாலும் இதே கதைதான்.

சோப்போடு வினிகர் சேர்ப்பது இன்னொரு தவறு. சோப்பின் தலை கார்பாக்சிலேட் என்ற அணுத்தொகுதி; கொழுப்பு அமிலத்திலிருந்து வந்தது. அமிலம் பட்டதும் அது மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். வெள்ளையாகத் திரிந்து மிதப்பது அதுதான். கடினநீரிலும் இந்தத் தலைக்குத்தான் சிக்கல்: அந்த நீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக் கரையாத படலமாகப் படிந்துவிடும். சல்ஃபோனேட் என்ற வேறு வகைத் தலை கொண்ட டிடர்ஜென்ட் இதை ஓரளவு தாங்கும்.

அப்புறம், நுரை. நுரை அதிகம் என்றால் சுத்தம் அதிகம் என்று பொருளில்லை. மின்சுமையே இல்லாத தலை கொண்ட பல சர்ஃபாக்டன்ட்கள் குறைவாக நுரைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கும்.

அளவைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பெரிய பலன் இல்லை. ஷாம்புவில் பரவலாக உள்ள சோடியம் லாரில் சல்ஃபேட், சுத்தமான நீரில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமை எட்டியதும் மூலக்கூறுகள் வாலை உள்ளே மறைத்து மைசெல் என்ற உருண்டைகளாகத் திரளும். அழுக்கை ஏந்திப்போக மைசெல் வேண்டும்தான்; ஆனால் அதற்குமேல், தண்ணீர் பரவி நனைப்பதைத் தடுக்கும் பரப்பு இழுவிசை கிட்டத்தட்டக் குறைவதில்லை. இத்தகைய மின்சுமைத் தலையோடு வாலில் ஒரு கார்பன் கூடினால், மைசெல்லுக்குத் தேவையான அளவு ஏறத்தாழப் பாதியாகும். சரி, வாலை நீட்டிக்கொண்டே போகலாமே என்றால், 18 கார்பன் கொண்ட சோடியம் ஸ்டியரேட் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையவே கரையாது.

வாலின் வடிவமும் முக்கியம். 1950களில் கிளைத்த வால் கொண்ட டிடர்ஜென்ட்களை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. 1960களில் பல நாடுகள் கிளையில்லாத நேரான வாலுக்கு மாறின.