ஆபீஸ் முழுக்க கம்ப்யூட்டர் மாத்துற ப்ராஜெக்ட்ல டெக்னீஷியனா போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, அதனால பல கம்பெனில விண்டோஸ் 11-க்கு மாத்துற இந்த வேலை இப்ப மொத்தமா வருது. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, விண்டோஸ் போடுறது இதுல பெரிய வேலையே இல்ல, அது பாட்டுக்கு ஓடும். பழைய மெஷின்ல அதை யூஸ் பண்ற ஆள் எதை எங்க வச்சிருக்காருன்னு கண்டுபிடிக்கிறதுலதான் நேரம் போகும், அங்க கோட்டை விட்டா அடுத்த ரெண்டு வாரம் ஃபோன் அடிச்சிட்டே இருக்கும்.

ஆனா அதுக்கு முன்னாடி லிஸ்ட். ஆபீஸ்ல ஒரு எக்செல் ஷீட் குடுப்பாங்க, எந்த சீட்ல எந்த மெஷின்னு, அதை அப்படியே நம்பாதீங்க. ஆள் மாறியிருப்பாங்க, சீட் மாறியிருக்கும், வேலைய விட்டுப் போனவர் பேர்லயே இன்னும் ஒரு லேப்டாப் இருக்கும். நேர்ல ஒரு ரவுண்டு போய் சீரியல் நம்பரும் யார் யூஸ் பண்றாங்கன்றதும் எழுதிக்கோங்க, அப்படியே எது அப்கிரேடு ஆகும், எதைத் தூக்கிப் போடணும்னும் பிரிச்சிடுங்க. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (என்க்ரிப்ஷன் கீயைப் பத்திரமா வைக்கிற பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற செட்டிங்), யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது) வேணும், குறைஞ்சது 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் (4 ஜிபி ரேம்ல ஓட்டுறவங்களுக்கு பொறுமை நிறைய வேணும்), ப்ராசஸர் இன்டெல்னா பொதுவா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான். டிபிஎம் இல்லன்னு காட்டினா உடனே ஒதுக்கிடாதீங்க, நிறைய மெஷின்ல பயாஸ்ல (விண்டோஸ் ஓடுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் பக்கம், யூஇஎஃப்ஐ மெஷின்லயும் பேச்சுல இதே பேர்தான்) ஆஃப் ஆகித்தான் கிடக்கும், இன்டெல்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் இருக்கும், ஆன் பண்ணா போதும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறைல பிரிச்சதா இருந்தா, யூஇஎஃப்ஐக்கு ஜிபிடி முறை வேணும், அதுக்கு விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டாவை அழிக்காம மாத்திக் குடுக்கும், ஆனாலும் பேக்கப் எடுக்காம அதைத் தொடாதீங்க.

பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா சஸ்பெண்ட் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க, இல்லன்னா ரீஸ்டார்ட் ஆனதும் நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், அந்த ஆளுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரிஞ்சிருக்காது. கீ எங்க சேவ் ஆகியிருக்குன்னு சர்வர் டீம்கிட்ட முன்னாடியே கேட்டு, ரெண்டு மூணு மெஷினுக்கு சும்மா எடுத்துப் பார்த்துக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். யூசர்கிட்ட போய் "உங்க டேட்டா எல்லாம் எங்க இருக்கு?"ன்னு கேட்டா "எல்லாம் டெஸ்க்டாப்லதான் சார்"னு சொல்லிடுவாங்க, அது பொய் இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்குப் பதிலா "காலைல வந்ததும் முதல்ல எதை ஓப்பன் பண்ணுவீங்க மேடம், எனக்குக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துல நின்னு பாருங்க. டெஸ்க்டாப்ல இருக்குற ஒரு ஐகானை கிளிக் பண்ணுவாங்க, ப்ராப்பர்ட்டீஸ்ல பார்த்தா அது சி டிரைவ்ல நேரடியா உக்காந்திருக்குற ஏதோ ஒரு ஃபோல்டருக்குப் போகும், ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டோட க்ளவுட்) பேக்கப் வழக்கமா எடுக்குறது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூணும்தான், இந்த ஃபோல்டரு அதுல வரவே வராது. மெயில்ல டிலீட்டட் ஐட்டம்ஸை பீரோ மாதிரி வச்சிருக்குறவங்களும் இருக்காங்க, சிரிக்காதீங்க, காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயிலை மெஷின்லயே சேமிக்கிற ஃபைல்), மெயில் சிக்னேச்சர், மேப் பண்ண டிரைவ் (சர்வர் ஃபோல்டரை டிரைவ் மாதிரி காட்டுறது), ப்ரவுசர் புக்மார்க் இதெல்லாம் தனித்தனியா தேடிப் பார்க்கணும். சிக்னேச்சர், யூசரோட ஆப்டேட்டான்ற மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ப்ரவுசர் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணா புக்மார்க் வந்துடும் ஆனா சேவ் பண்ண பாஸ்வேர்டு வேலை செய்யாது, அது அந்த மெஷின்ல இருக்குற யூசர் அக்கவுண்டோட சேர்த்து என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அதனால முன்னாடியே ப்ரவுசர்ல சிங்க் ஆன் பண்ணச் சொல்லிடுங்க.

அக்கவுண்ட்ஸ் பக்கம் போறப்ப தனி கவனம். அங்க எப்பவோ யாரோ எழுதிக் குடுத்த மேக்ரோ (எக்செல்லுக்குள்ள வேலையைத் தானா செய்யுற குட்டி ப்ரோக்ராம்) ஒண்ணுலதான் மொத்த டிபார்ட்மெண்டும் ஓடிட்டிருக்கும், எழுதினவர் இருக்க மாட்டாரு. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 32 பிட்ல இருந்து 64 பிட்டுக்கு மாறினா சில பழைய மேக்ரோ, ஆட்-இன் எல்லாம் எரர் அடிக்கும், அதனால அந்த டீம்ல ஒருத்தரோட மெஷினை மட்டும் முதல்ல மாத்தி ஒரு வாரம் ஓட விட்டுப் பாருங்க, மாசக் கடைசில மட்டும் அந்தப் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க. பழைய ஸ்கேனர், லேபிள் பிரிண்டருக்கும் இதே கதைதான், விண்டோஸ் 11-ல 32 பிட் வெர்ஷனே கிடையாது, 32 பிட் டிரைவர் மட்டும் இருக்குற சாமான் செத்துச்சுன்னு வச்சுக்கோங்க.

மாத்தி முடிச்சதும் ஓடிடாதீங்க. அவங்களையே லாகின் பண்ணச் சொல்லுங்க, ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்க, ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க. டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கும்ன்ற ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா கடைசியா பிரிண்ட் குடுத்த பிரிண்டரையே டீஃபால்ட்டா எடுத்துக்கும், அப்புறம் பேப்பர் வேற ஃப்ளோர்ல வந்துட்டிருக்கும். விண்டோஸ் லாகினுக்கு வச்சிருக்குற பின் நம்பர் மெஷினுக்கு மெஷின் தனி, பழைய பின் புதுசுல எடுக்காது, முன்னாடியே சொல்லிடுங்க. டொமைன்ல (லாகினை கம்பெனி சர்வர் சரிபார்க்குற நெட்வொர்க்) இருக்குற லேப்டாப்னா வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஆபீஸ் நெட்வொர்க்ல ஒரு தடவையாவது அவங்க லாகின் பண்ணியே ஆகணும், இல்லன்னா வீட்ல போய் பாஸ்வேர்டு சரியா அடிச்சாலும் உள்ள விடாது.

பழைய மெஷினை உடனே அழிக்காதீங்க. பேர், தேதி எழுதி ஒட்டி ஒரு மூலைல வைங்க, ரெண்டு மூணு வாரம் இருக்கட்டும், மேனேஜர் இடம் இல்லன்னு சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க. மெஷினை மாத்தாம அதுலயே அப்கிரேடு பண்ணியிருந்தா பழைய வெர்ஷனுக்குத் திரும்ப 10 நாள்தான் டைம், நடுவுல டிஸ்க் க்ளீனப் ஓட்டி பழைய விண்டோஸை வச்சிருக்குற விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அழிச்சிட்டா அதுவும் போச்சு. வச்சிருக்குற டைம் முடிஞ்சதும் அந்த டிபார்ட்மெண்ட்ல ஒரு மெயில் ஓகே வாங்கிட்டு அப்புறம் வைப் பண்ணுங்க, எஸ்எஸ்டின்னா வெறும் ஃபார்மட் பத்தாது, பயாஸ்லயோ டிஸ்க் கம்பெனி டூல்லயோ இருக்குற செக்யூர் எரேஸ் ஓட்டிட்டு, சீரியல் நம்பரோட அதை ஷீட்ல ஏத்திடுங்க.