‘அருமை, தவறவிடாதீர்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

காமிக்ஸ் ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் வந்துவிடும் கேள்வி: “புதிதாக என்ன படித்தீர்கள்?” பதிலாகப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு தலைப்பும் அதோடு ஒட்டிய ‘அருமை’யும்தான். அந்த ‘அருமை’யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. காவியம், உச்சம், சித்திரங்கள் பிரமாதம் என்றெல்லாம் அடுக்கினால், கேட்பவர் எதை நம்பி ஐந்நூறு பக்கத் தொகுப்பைக் கையில் எடுப்பார்? இந்தப் புத்தகம் தனக்கு ஒத்துவருமா என்று அவரே தீர்மானிக்கும் அளவுக்கு விவரம் தர வேண்டும். நீங்கள் சொன்னதைக் கேட்டு “இது எனக்கு வேண்டாம்” என்று அவர் ஒதுங்கினாலும் நீங்கள் நல்ல பரிந்துரைதான் செய்திருக்கிறீர்கள்.

முதலில் அவரிடம் பாதியில் விட்ட புத்தகங்களைப் பற்றிக் கேளுங்கள். பிடித்தவற்றைக் கேட்டால் ஆளாளுக்கு ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள்: டின்டின், ‘வாட்ச்மென்’, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற ‘மவுஸ்’. மரியாதைக்காகச் சொல்வதா, மனதாரச் சொல்வதா என்று கண்டுபிடிக்க முடியாது. எதை மூடி வைத்தீர்கள், ஏன் என்று கேட்டால் உண்மை கொட்டும். “எழுத்து அதிகம், கண் வலித்தது”, “யார் யாரென்றே தெரியவில்லை, எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது”, “வண்ணம் இல்லாமல் என்னால் முடியாது.” இந்த மூன்று பதில்களில் ஒவ்வொன்றும் உங்கள் கையிலிருக்கும் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, பிடித்த ஒன்றில் எது பிடித்தது என்று துருவுங்கள். இதைச் செய்யாமல் ‘அது பிடித்தால் இதுவும் பிடிக்கும்’ என்று நீட்டுவதில்தான் பாதிப் பரிந்துரைகள் கவிழ்கின்றன. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் இத்தாலியில் பிறந்த இந்தத் தொடருக்கு இரண்டு விதமான ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது டெக்ஸின் நிதானமும் நியாயமும். அயோக்கியன் கடைசியில் உதை வாங்கியே தீருவான் என்ற உத்தரவாதம். இன்னொருவருக்குக் குதிரை, புழுதி, பாறைப் பள்ளத்தாக்கு, தொலைவில் எழும் புகை. கௌபாய் கதைதானே என்று இருவருக்கும் ‘ப்ளூபெர்ரி’யைக் கொடுத்தால் என்ன ஆகும்? 1963இல் கதாசிரியர் ஷார்லியேயும் ஓவியர் ழான் ஜிரோவும் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகன் சூதாடுவான், மேலதிகாரிக்கு அடங்க மாட்டான், அவமானப்படுவான், தோற்பான். முதல் ரசிகர் இருபதாம் பக்கத்திலேயே முகம் சுளிப்பார். இரண்டாமவரோ ஜிரோ வரைந்த ஒரு பாலைவனக் காட்சியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். என் நண்பர் ஒருவர் முதல் வகை. அவருக்கு நான் இதுவரை ப்ளூபெர்ரியைக் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

கதைச் சுருக்கம் சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸில் கதைச் சுருக்கம் அநேகமாக எதையும் காட்டிக்கொடுக்காது. மாறாக, ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். டேவிட் மாஸுக்கெல்லியின் ‘அஸ்டீரியோஸ் பாலிப்’பை (2009) நான் அப்படித்தான் அறிமுகப்படுத்துவது வழக்கம். கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவரின் மணவாழ்க்கை முறிந்த கதை என்று சொன்னால் கொட்டாவிதான் வரும். அதற்குப் பதில் இப்படிச் சொல்வேன்: நாயகன் நீலக் கோடுகளில், உருளையும் கூம்பும் சேர்த்த வடிவியல் உருவமாக வரையப்பட்டிருக்கிறான். நாயகி இளஞ்சிவப்பில், மெல்லிய நிழற்கோடுகளால் ஆனவள். இருவரும் நெருங்கும்போது அவன் கோடுகள் அவள் மீதும், அவள் நிழல்கள் அவன் மீதும் படர்கின்றன. சண்டை வந்ததும் அவன் மறுபடி வெற்று உருளை, அவள் மறுபடி சிவப்புக் கோடுகள். ஒவ்வொருவர் பேசுவதும் தனித்தனி எழுத்துருவில் இருக்கிறது. இதைக் கேட்டதும் “எங்கே, காட்டுங்கள்” என்று கை நீட்டுபவருக்கு உரியது அந்தப் புத்தகம். நீட்டாதவரை விட்டுவிடலாம்.

‘பீமாயணா’வுக்கும் (2011) இதே வழிதான். அம்பேத்கரின் வாழ்க்கை என்று மட்டும் சொன்னால் பாடப்புத்தகத்தின் பட வடிவம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அதில் வழக்கமான சதுரக் கட்டங்களையே போடவில்லை என்று சொல்லுங்கள். பேச்சு பலூன்களைக் காட்டுங்கள். அன்பாகப் பேசுபவரின் பலூன் பறவை வடிவத்தில் இருக்கும். சாதி வெறியோடு பேசுபவரின் பலூனுக்குத் தேள் கொடுக்கு வால் இருக்கும். ஒரு சொல்லைக்கூடப் படிக்காமலேயே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். காமிக்ஸில் ஊறிய ரசிகர் இதைப் பார்த்துவிட்டு அலட்சியமாகப் போக மாட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லாத பரிந்துரை அரைகுறை. ‘சாண்ட்மேன்’ 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள் வந்த தொடர். அதன் தொடக்க இதழ்களில் திகில் தூக்கல். மற்ற சூப்பர்ஹீரோ தொடர்களின் பாத்திரங்கள் வேறு எட்டிப்பார்க்கிறார்கள். தொடர் தன் சொந்தக் குரலைக் கண்டுகொள்வது எட்டாம் இதழில் என்பது என் கருத்து. திகில் பிடிக்காதவரை அந்த எட்டாம் இதழைத் தனியாகப் படிக்கச் சொல்லிவிட்டு, பிடித்தால் முதலுக்குத் திரும்பச் சொல்லலாம். ‘போன்’ வேறு விதமான சிக்கல். ஜெஃப் ஸ்மித் 1991இலிருந்து 2004 வரை 55 இதழ்களாக வெளியிட்டதை ஒரே புத்தகமாகக் கட்டினால் 1,300 பக்கங்களைத் தாண்டுகிறது. தீவிர ரசிகருக்கு அந்தத் தலையணையைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு ஒன்பது தொகுதிகளில் முதலாவது போதும்.

எந்தப் பதிப்பு என்பதும் இதோடு சேர்ந்ததே. ‘அகிரா’ ஜப்பானில் கருப்பு வெள்ளையில் வந்தது. 1988இல் அமெரிக்காவில் வெளியாகத் தொடங்கிய பதிப்பில் வண்ணம் ஏற்றினார்கள், இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பியும் விட்டார்கள். அகிரா படியுங்கள் என்று நீங்கள் சொல்ல, அவர் கையில் எது சிக்குகிறதோ யார் கண்டது? மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ் பழகாதவருக்கு, பக்கம் திருப்பாத பதிப்பென்றால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

படிக்கும் வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஷான் டானின் ‘தி அரைவல்’ (2006) புத்தகத்தில் கதை முழுவதும் படங்களால் மட்டுமே நகர்கிறது, வசனமே கிடையாது. புரட்டிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் முடிந்து “இவ்வளவுதானா?” என்று தோன்றும். தெரியாத ஊரில் வந்து இறங்கிய மனிதனின் திகைப்பு நமக்குள் இறங்க வேண்டுமென்றால் நிதானமாகப் பார்க்க வேண்டும். “ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள், பின்னணியில் இருக்கும் விலங்குகளைக் கவனியுங்கள்” என்று சொல்லிக் கொடுத்தால் அதே புத்தகம் வேறாகிவிடுகிறது.

புதிய தொடர் என்றால் அதன் நிலவரத்தை மறைக்காதீர்கள். முதல் இதழைப் படித்த வேகத்தில் ஊரைக் கூட்டுவது எனக்குப் பிடிக்காது. முதல் இதழ் எழுதும் கலை வேறு, தொடரைத் தாக்குப்பிடிக்கும் கலை வேறு. முதல் தொகுப்பு, அதாவது ஐந்தாறு இதழ்கள், முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பேசுங்கள். பொறுக்க முடியாவிட்டால் “ஒரு இதழ்தான் படித்திருக்கிறேன்” என்று முன்னாலேயே சொல்லுங்கள். 2012இல் தொடங்கிய ‘சாகா’ 2018இல் 54ஆம் இதழோடு நின்று, 2022 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. எமில் ஃபெரிஸ், கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிய நாட்குறிப்பு போல வரைந்த ‘மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்’ 2017இல் வந்தது. இரண்டாம் பாகத்துக்கு வாசகர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். இரண்டுமே காத்திருக்கத் தகுந்தவைதான். ஆனாலும் காத்திருப்பதா வேண்டாமா என்பது அவருடைய பொறுமையைப் பொறுத்த முடிவு.

எச்சரிக்கை வேறு, கதையை உடைப்பது வேறு. கேட் பீட்டனின் ‘டக்ஸ்’ (2022), கல்விக்கடனை அடைப்பதற்காகக் கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் வயல்களில் வேலைக்குப் போன அவரது சொந்த அனுபவம். அதில் பாலியல் துன்புறுத்தல் இருக்கிறது, வன்முறையும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லுங்கள். எங்கே, எப்படி என்பதைச் சொல்ல வேண்டாம். திருப்பத்திலேயே உயிர் இருக்கிற புத்தகங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பிரேசில் நாட்டு இரட்டையர்களான ஃபாபியோ மூனும் காப்ரியேல் பாவும் உருவாக்கிய ‘டேட்ரிப்பர்’ பற்றி நான் சொல்வது இவ்வளவுதான்: “செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு எழுதுகிறவனின் கதை. பத்து அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவில் குழம்புவீர்கள். இரண்டாவதையும் முடித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.” இதுவரை திட்டு விழவில்லை.

உங்களுக்கே புதியவை எங்கிருந்து கிடைக்கும்? விருதுகளில் வென்றவற்றைவிட இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவற்றைப் பாருங்கள். அமெரிக்காவின் ஐஸ்னர் விருதானாலும் பிரான்ஸின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவானாலும் வெற்றி பெற்றது எப்படியும் உங்கள் காதுக்கு வந்து சேரும். மற்றவைதான் காணாமல் போகும். அதைவிட நல்ல வழி, கதாசிரியரை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது. டேட்ரிப்பரின் அந்தி வெளிச்சம் பிடித்திருந்ததா? அதற்கு வண்ணம் தீட்டியவர் டேவ் ஸ்டூவர்ட். ‘ஹெல்பாய்’ கதைகளின் அடர்ந்த சிவப்பும் அவர் கைவண்ணம்தான். ப்ளூபெர்ரி வரைந்த ஜிரோவே மோபியஸ் என்ற பெயரில் ‘தி இன்கால்’ என்ற விண்வெளிக் கதையையும் வரைந்தார். வண்ணக் கலைஞர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் ஆகியோரின் பெயர்களைப் புத்தகத்தின் உள்பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புரட்டும்போது எல்லோரும் தாண்டிப்போகிற பக்கம் அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. பத்துத் தலைப்புகளை அடுக்குபவர் தன் வாசிப்பைக் காட்டிக்கொள்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கொடுத்த பிறகு “படித்தாயிற்றா?” என்று துரத்தாதீர்கள். அவராக வந்து “எனக்குச் சரிப்படவில்லை” என்றால் வாதாடவும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். முதல் பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் என்றால் பெரும்பாலும் சித்திர பாணிதான் காரணம். அடுத்த முறை அதே வகைக் கதையை வேறொரு ஓவியர் வரைந்ததாகப் பார்த்துக் கொடுங்கள். நடுவில் என்றால் கதை இழுத்திருக்கிறது. ஒரே தொகுப்பில் முடிகிற சிறியதாகத் தேடுங்கள். கடைசிவரை படித்துவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்கிறாரென்றால், உட்கார வைத்து நன்றாகப் பேசுங்கள். அடுத்து அவர் உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்லப்போகிறார்.