பழைய சிடி கேம்களை விண்டோஸ் 11-இல் ஓடவைப்பது எப்படி?

பரணில் கிடந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) சிடி இப்போது என் விண்டோஸ் 11 கணினியில் அருமையாக ஓடுகிறது. தொண்ணூறுகளின் மற்ற கேம்கள் பலவற்றுக்கும் இதே வழிதான்.

1. முதலில் சிடியை நகல் எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி சிடி டிரைவும் இம்க்பர்ன் மென்பொருளும் போதும். ஐஎஸ்ஓ (சிடியின் நகலை ஒரே கோப்பில் வைக்கும் வடிவம்) கோப்பாக எடுத்தால் இரண்டு முறை கிளிக் செய்ததும் விண்டோஸே திறந்துவிடும். ஆனால் குவேக் (1996) போன்றவற்றில் இசை, ஆடியோ டிராக்குகளாக சிடியிலேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ அதைச் சுமக்காது; ஆடியோ டிராக்குகளையும் சேர்த்து வைக்கும் பின்/கியூ வடிவம்தான் வேண்டும். அதைத் திறக்க, ஆடியோ டிராக்குகளையும் ஆதரிக்கும் மெய்நிகர் சிடி டிரைவ் மென்பொருள் ஒன்று வேண்டும்.

2. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாதீர்கள். பழைய கேம்கள் சேமிப்பையெல்லாம் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும், அங்கே விண்டோஸ் அதற்கு விடாது. சி டிரைவில் 'கேம்ஸ்' என்று தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். செட்அப்பே திறக்கவில்லையா? அது 16-பிட் ஆக இருக்கலாம்; 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. 16-பிட் நிரல்களை ஓடவைக்கும் வைன்விடிஎம் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள்.

3. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், லெகசி காம்பொனன்ட்ஸ் கீழே டைரக்ட்பிளேயை (பழைய கேம்கள் பலர் சேர்ந்து விளையாடப் பயன்படுத்திய விண்டோஸ் பாகம்) டிக் செய்யுங்கள்.

4. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: நிறம். கேம் திறக்கும், ஆனால் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்புப் புள்ளிகளாகவும் தெரியும். கிராபிக்ஸ் கார்டு பழுதில்லை, பயப்பட வேண்டாம். அந்தக் கேம்கள் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துத்தான் படம் வரைகின்றன. பின்னணியில் ஓடும் டெஸ்க்டாப் அந்தப் பட்டியலில் கைவைத்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாடச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? பழைய கேம்களின் படத்தை இன்றைய விண்டோஸுக்கு ஏற்ப வரைந்து தரும் சிஎன்சி-டிடிரா என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதன் டிடிரா டிஎல்எல் கோப்பை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போடுங்கள். நிறம் சரியாகிவிடும், பெரிய திரைக்கேற்ப படமும் விரியும். முப்பரிமாண கேம் என்றால் அதே போன்ற டிஜிவூடூ 2 என்ற மென்பொருள் நல்லது. விண்டோஸின் கம்பாட்டிபிலிட்டி மோடை (பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளும் அமைப்பு) நான் கடைசியாகத்தான் தொடுவேன்.

சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு உள்ள சிடிகள் மட்டும் வேறு கதை. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலேயே அது நீக்கப்பட்டது. அதைத் திரும்ப நிறுவாதீர்கள், முகம் தெரியாத தளங்களின் கிராக் கோப்புகளையும் தொடாதீர்கள். பழைய கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் அந்த கேம் விற்பனைக்கு இருந்தால் வாங்கிவிடுவதே நல்லது.

பின்சேர்க்கை: டிடிரா போட்டும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் கூடுதல் தொகுப்பான கான்கரர்ஸில் மட்டும் நிறம் மாறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கான்கரர்ஸின் இஎக்ஸ்இ 'ஏஜ்2_எக்ஸ்1' என்ற உள் ஃபோல்டரில் இருக்கிறது. சிஎன்சி-டிடிராவின் கோப்புகளை அங்கேயும் ஒரு பிரதி போட வேண்டும்.