கைக்குழந்தை இருக்குற வீட்ல அம்மாவும் அப்பாவும் தூங்குறது எப்படி?

கொழந்த பொறந்ததுக்கப்புறம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள வர்ற சண்டைல பாதிக்கு மேல தூக்கம் பத்தாம வர்றதுதான், இத நான் அடிச்சு சொல்வேன். ஜெர்மனில 4,000க்கும் மேல பெத்தவங்கள வருஷக்கணக்கா கவனிச்ச ஒரு ஆய்வு 2019ல வந்துச்சு, மொத 3 மாசத்துல அம்மாவுக்கு தினம் சராசரியா 1 மணி நேர தூக்கம் போகுது, அப்பாவுக்கு 15 நிமிஷம்தான். 6 வருஷம் ஆகியும் ரெண்டு பேருக்குமே பழைய தூக்கம் முழுசா திரும்பல. அதனால மனசு நல்லா இருக்கணும்னா மொதல்ல ராத்திரிய பங்கு போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

பச்சக்கொழந்த 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவ எந்திரிக்கும், அத மாத்த முடியாது. ஆனா ஒவ்வொருத்தருக்கும் முழிக்காம தொடர்ந்து 4 மணி நேரம் கெடைக்கிற மாதிரி பண்ணலாம். ராத்திரி 9லேருந்து 2 வரைக்கும் அப்பா, 2லேருந்து காலைல வரைக்கும் அம்மா. டூட்டில இல்லாதவங்க வேற ரூம்ல படுங்க, ஒரே ரூம்தான்னா ஹால்லயோ சமையக்கட்டுலயோ பாய விரிச்சுக்கோங்க, கொழந்த சிணுங்குற சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு முழிப்பு வந்துரும்.

தாய்ப்பால் குடுக்குறப்போ இது எப்படி நடக்கும்னு கேப்பீங்க. கொஞ்ச வாரம் போய் பால் நல்லா ஊற ஆரம்பிச்சதும், அம்மா பகல்ல பால் எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிரலாம், கதவுல வைக்காம உள்பக்கமா வைங்க. அப்பா அந்த கிண்ணத்த சுடுதண்ணிக்குள்ள வச்சு வெதுவெதுப்பாக்கி, கொழந்த தலைய கொஞ்சம் தூக்கிப் புடிச்சு, பாலாடைல உதட்டோரமா கொஞ்சம் கொஞ்சமா விடணும், அவசரப்பட்டா பொறையேறும், அதனால மொத ரெண்டு மூணு தடவ பகல்லயே பழகிக்கோங்க. பால் எடுக்க வராதவங்களுக்கும் வழி இருக்கு, அப்பா கொழந்தைய தூக்கிட்டு வந்து குடுத்து, குடிச்சதும் வாங்கி, தோள்ல போட்டு ஏப்பம் விட வச்சு, ஈரத்துணிய மாத்தி, தூளில போட்டு ஆட்டணும், அம்மா எந்திரிச்சு நடக்கவே கூடாது. ஒண்ணு மட்டும், சோபால உக்காந்து பால் குடுத்துக்கிட்டே அசந்து தூங்கிராதீங்க, கொழந்தைக்கு மூச்சு முட்டிரும்.

பாட்டி கூட இருந்தா பெரிய பலம்தான், ஆனா பிபி, சுகர் மாத்திர போடுறவங்கள ராத்திரி முழுக்க எழுப்பாதீங்க, காலைல 6 மணிலேருந்து ஒரு 2 மணி நேரம் பாத்துக்கிட்டா போதும். பாக்க வர்ற சொந்தக்காரங்க விஷயத்துல அவங்கவங்க பக்கத்து ஆளுங்ககிட்ட அவங்கவங்கதான் பேசணும், "அத்த, மத்தியானம் ரெண்டு பேரும் தூங்குவாங்க, சாயங்காலம் வாங்க"ன்னு புருஷன் சொன்னா அத்த கோச்சுக்க மாட்டாங்க, அதையே மருமக சொன்னா வீட்ல பஞ்சாயத்து ஆயிரும்.

பிரசவத்துக்கப்புறம் மொத 2 வாரம் காரணமே இல்லாம அழுக வர்றது நெறைய பேருக்கு உண்டு, தானா சரியாயிரும். அதுக்கு மேலயும் போனா, கொழந்த தூங்குறப்போ கூட தூக்கம் வரலன்னா, எதுலயும் மனசு ஒட்டலன்னா டாக்டர்கிட்ட போங்க, ரத்தசோக இருக்கா, தைராய்டு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, ரெண்டுமே இதே மாதிரி சோர்வ குடுக்கும். அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும், வெளிய சொல்லாம எரிஞ்சு விழுந்துட்டு இருப்பாங்க. அரசாங்கத்தோட மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் நம்பர் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். தன்னையோ கொழந்தையையோ ஏதாவது பண்ணிக்கலாம்னு நெனப்பு வந்தா விடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க, அவங்கள தனியா விடாம அப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.