மாத்திரை டப்பா போடும் சத்தம்

2009 முதல் 2012 வரை தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் 'வாய்ஸ்' என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. எச்.ஐ.வி. இல்லாத சுமார் 5,000 பெண்கள் கலந்துகொண்டார்கள். தொற்று வராமல் தடுக்க தினமும் ஒரு மாத்திரை, அல்லது ஒரு ஜெல். ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால் 90 சதவீதம் என்று கணக்கு வந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது.

உடனே "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று முடிவு கட்டுவது எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணியில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பெண்ணின் வீட்டை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை, ஒரே அறை, பூட்டு இல்லாத அலமாரி. தடுப்புக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது நோயாளிகளுக்கும் கொடுக்கும் மருந்துதான். அதைக் காதலனோ மாமியாரோ பார்த்துவிட்டால், அவளுக்கு நோய் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். பார்க்கக்கூட வேண்டாம், கைப்பையை அசைத்தாலே பிளாஸ்டிக் டப்பா கலகலவென்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகப் பஞ்சு திணித்து வைப்பவர்கள் உண்டு, மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வைப்பவர்கள் உண்டு. மருந்தைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பு எடுக்கிறோம், "இதை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதோடு, மருந்தைக் கொடுப்பவரே வந்து "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

அடுத்தது, "யாராவது ஒருவர் மேடையேறி உண்மையைச் சொன்னால் ஊரின் பயம் போய்விடும்" என்ற நம்பிக்கை. 1998 டிசம்பரில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு த்லாமினி என்ற பெண்ணை தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே குவாமாஷுவில் அடித்தே கொன்றார்கள். ஒருவரைத் தைரியசாலி என்று தட்டிக்கொடுத்து முன்னால் தள்ளிவிட்டு, நாம் ஜீப் ஏறிப் போய்விடுகிறோம். அவர் அங்கேயே வாழ வேண்டும். அதே மாதம், நோயாளிகளுக்கு மருந்து கேட்டுப் போராடத் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' இயக்கம் வேறு வழி பிடித்தது. 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டை, நோய் இருப்பவர் இல்லாதவர் எல்லோருமே போட்டுக்கொண்டார்கள். 2002இல் மண்டேலாவும் போட்டார். யாருக்கு இருக்கிறது என்று இனி யார் விரல் நீட்டுவது?

இலக்கு வைத்து ஓடுவதும் ஒரு வியாதிதான். ஆண்களுக்கு முன்தோல் நீக்கினால் பெண்களிடமிருந்து தொற்றும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைகிறது. ஜோகனஸ்பர்க் பக்கத்து ஆரஞ்ச் ஃபார்மில் நடந்த ஆய்வு 2005இல் அதைக் காட்டியது. அன்று ஸ்வாசிலாந்து என்றிருந்த எஸ்வாத்தினி நாடு, 2011இல் ஒரே ஆண்டில் ஆண்களில் 80 சதவீதம் பேருக்கு அதைச் செய்துவிடுவதாக இறங்கியது. வந்தவர்கள் சுமார் 11,000 பேர்தான். 'வெட்டிக்கொள், வெற்றிகொள்' என்ற பொருளில் முழக்கம் வேறு. அதைக் கேட்பவர் இனி ஆணுறையே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தால் தப்பு அவருடையதல்ல. வெட்டிய தோலை யார் எடுத்துப் போய் என்ன செய்கிறார்கள் என்ற கவலையும் ஊரில் இருந்தது. பதில் சொல்லாமல் சிரித்தால் அது வதந்தியாகத்தான் வளரும்.

வீடு வீடாகப் போவது நல்ல வழிதான். ஆனால் பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் ஆண்கள் இருக்கமாட்டார்கள். டாக்ஸி நிறுத்தத்திலும், சாயங்காலம் மதுக்கடை வாசலிலும் அவர்களைப் பிடிக்கலாம். இன்னொன்று, எய்ட்ஸ் என்று எழுதிய வண்டியைத் தயவுசெய்து யார் வீட்டு வாசலிலும் நிறுத்தாதீர்கள்.

ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் போகிறவர்கள் மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவமனை தூரம், பேருந்துச் செலவு, நாள் முழுக்க வரிசை. 2008 முதல் அங்கே நோயாளிகள் ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். மாதம் ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார், தன் பரிசோதனையையும் அன்றே முடித்துக்கொள்வார். யார் சோர்ந்துபோகிறார், யார் மாத்திரையை விட்டுவிட்டார் என்று குழுவுக்குத் தெரியும்.

வீடு வீடாகப் போய் இந்தக் களப்பணியைச் செய்கிற உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளம் என்று வந்தால் மட்டும் 'சேவை' என்ற சொல் வந்துவிடுகிறது. திட்ட மேலாளருக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. 2024இல், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் என்ற ஊசியின் ஆய்வு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. டப்பா இல்லை, சத்தமும் இல்லை. அப்புறம் 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் வேலை போனவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் களப்பணியாளர்கள். அந்தத் தகரக் கூரை வீட்டுக் கதவைத் தட்டி, ஊசி வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.