கார்பங்கிள்: கல்லா, கட்டியா, சக்கரமா?

பழைய ஐரோப்பிய நகைகளைப் பற்றிப் படித்தால் கார்பங்கிள் என்ற சொல் அடிக்கடி குறுக்கே வரும். அகராதியைப் புரட்டினால் 'ராஜபிளவை' என்று இருக்கும். அதை நம்பி, ராணியின் மோதிரத்தில் ராஜபிளவை பதித்திருந்ததாக நானே ஒருமுறை எழுதிவிட்டேன். சர்க்கரை நோயோடு மல்லுக்கட்டும் மாமா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அகராதியில் தப்பில்லை. ராஜபிளவை என்பது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் சீழ்க்கட்டி. லத்தீனில் கார்போ என்றால் கரி. கார்பங்குலஸ் என்றால் சின்னக் கரித்துண்டு, அதாவது கங்கு. கங்கு மாதிரி சிவந்து ஒளிரும் கல்லுக்கும் அந்தப் பெயர்தான், சிவந்து எரியும் கட்டிக்கும் அந்தப் பெயர்தான். 1984இல் லண்டன் நேஷனல் கேலரிக்குத் திட்டமிட்ட புதுக் கட்டடத்தை இளவரசர் சார்லஸ் கார்பங்கிள் என்றாரே, அது கட்டி. கல் என்று மொழிபெயர்த்தால் வசவு பாராட்டாகிவிடும்.

சரி, கல்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே மாணிக்கம் என்று போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் நிறம்தான் கணக்கு. மாணிக்கம், ஸ்பினல், கார்னெட் என்று வெவ்வேறு கற்கள், சிவப்பாக இருந்தால் மூன்றுமே கார்பங்கிள்தான். பிரிட்டிஷ் மகுடத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்'கூட உண்மையில் ஸ்பினல். இன்று நகைக்காரர்கள் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் கார்னெட். அதுவும் பட்டை தீட்டாமல், புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று மேலே குவித்தது. கல் இருண்டு தெரியக் கூடாது என்று அடிப்பக்கத்தைக் குடைந்துவிடுவதும் உண்டு.

பைபிளின் யாத்திராகமம் 28:17 இன்னும் வேடிக்கை. ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமம் கார்பங்கிள் என்னும் இடத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம் மாணிக்கம் என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ அது மரகதம்! ஆக, அங்கே சிவப்பு என்பதே நிச்சயமில்லை.

அப்புறம் ஐரோப்பிய அரசுகளும் பிரபுக் குடும்பங்களும் வைத்துக்கொண்ட கேடயச் சின்னங்கள். அங்கே கார்பங்கிள், எஸ்கார்பங்கிள் என்றால் கல்லைத் தேட வேண்டாம். நடுவில் ஒரு குமிழ், அதிலிருந்து வழக்கமாக எட்டு ஆரக்கால்கள், நுனியில் பெரும்பாலும் லில்லிப்பூ. வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். கேடயம் பிளக்காமலிருக்க அடித்த உலோகப் பட்டைகள்தான் பிறகு அலங்காரமாயின என்பார்கள். நிறமும் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் நவார்ரா பகுதியின் சின்னத்தில் இன்று தெரியும் தங்கச் சங்கிலிகளை 1212 போரில் எதிரியின் முகாமில் அறுத்தவை என்று கதை சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் இருப்பதோ இந்த ஆரக்கால்கள்தான். இப்போது அந்தச் சின்னத்தின் நடுவில் ஒரு கல்லும் உண்டு. அது பச்சை மரகதம்.