நியூஃபவுண்ட்லாந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள இந்த மாகாணத்தைப் பலர் வெறும் தீவு என்றே நினைக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்துதான் தீவு. பரப்பில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான லாப்ரடார், கியூபெக்கை ஒட்டிய பெருநிலம். 2001-ல் மாகாணத்தின் பெயரிலும் அதைச் சேர்த்தார்கள். தீவின் கடிகாரம் லாப்ரடாரின் பெரும்பகுதியைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கப்பல் ஏறும் முன் எந்த நேரப்படி புறப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவும் சின்னதல்ல. தீவின் தென்மேற்கு முனையில் உள்ள கப்பல் துறையான போர்ட் ஓ பாஸ்கில் இறங்கினால் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குச் சாலைவழி சுமார் 900 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்விடலாம் என்று இருட்டில் வண்டி ஓட்டாதீர்கள். 1904-ல் கொண்டுவந்து விட்ட மூஸ் மான்கள் இன்று தீவெங்கும் திரிகின்றன. உடல் கருநிறம், கால்கள் உயரம். முகப்பு வெளிச்சத்தில் சட்டென்று தெரியாது. மோதினால் அந்தப் பெரிய உடல் நேராக முன்கண்ணாடி மேல்தான் விழும்.

மக்களைப் பற்றிய தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. லாப்ரடாரில் வாழும் பழங்குடிகளில் இன்னு வேறு, இனுயிட் வேறு. இனுயிட் மக்கள் ஆர்க்டிக் பகுதியினரின் உறவுகள். 2005 முதல் லாப்ரடாரின் வட கரையில் நுனட்சியாவுட் என்ற தன்னாட்சிப் பகுதி அவர்களுக்கு உண்டு. இன்னு மக்களின் மொழி அல்கொன்கியன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஷெஷாட்ஷியு, நடுவாஷிஷ் அவர்களுடைய ஊர்கள். பெயர் ஒலிப்பதை வைத்து இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அதேபோல, தீவின் பழங்குடிகளான பியோதுக் இனத்தின் கடைசியாளாக அறியப்பட்ட ஷனாவ்டிதிட் என்ற பெண் 1829-ல் இறந்ததோடு தீவில் பழங்குடியினரே இல்லாமல் போனார்கள் என்று எழுதுகிறார்கள். தீவின் கான் ரிவர் ஊரில் மிக்மாக் என்ற பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களை இல்லாதவர்களாக்கி எழுதுவது பெரிய அநீதி.

மீனவர்களிடம் காட் மீனைப் பற்றிப் பழங்கதை போலக் கேட்பதும் சரியல்ல. 1992 ஜூலையில் மத்திய அரசு காட் பிடிக்கத் தடை போட்டபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். ஊரைவிட்டே போன குடும்பங்கள் ஏராளம்.

அப்புறம், ஜூலை 1. கனடா முழுதும் அது கொண்டாட்ட நாள். இங்கே காலைப்பொழுது துக்கத்துக்கு உரியது. முதல் உலகப் போரில், 1916-ல் அதே நாளில் பிரான்ஸின் போமோன்ட்-ஹமெலில் நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவின் சுமார் 800 பேர் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அப்போது இது கனடாவோடு சேரவில்லை, சேர்ந்தது 1949-ல்தான். அன்று காலை யாரைப் பார்த்தாலும் வாழ்த்துச் சொல்லாதீர்கள். போர் நினைவிடத்தில் கூடுகிறவர்களோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். கொண்டாட்டத்துக்குப் பிற்பகல் இருக்கிறது.